சிறிய ரெய்ஸுக்குப் பதில் சொல்லும் முறை

ஃப்ளாப் சீட்டுகள் மேஜையில் விரிவதற்கு முன்னால், ஒருவர் பிக் பிளைண்டின் இரண்டு மடங்குக்கோ அதற்குச் சற்றே மேலாகவோ தொகையை உயர்த்தி வைத்துவிட்டு நம்முடைய பதிலுக்காகக் காத்திருக்கும் சந்தர்ப்பம், இணையத்தில் நடைபெறும் ஹோல்டம் போட்டிகளில் மிக அடிக்கடி நேர்வதாகும். போட்டியின் முடிவைப் பெரிய ஆல்-இன் மோதல்களே தீர்மானிக்கின்றன என்று ஆரம்ப ஆட்டக்காரர்கள் எண்ணுவது சகஜம். ஆயினும் அந்த மோதல்களுக்கு நாம் எவ்வளவு சிப்புகளோடு போய்ச் சேருகிறோம் என்பதை, சுற்றுக்குச் சுற்று இந்தச் சிறிய ரெய்ஸுகளுக்கு நாம் அளிக்கும் பதில்களே நிர்ணயிக்கின்றன. ஆகையால் இந்த ஒரு விஷயத்துக்கே ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குவது நியாயம் என்று கருதுகிறேன்.

சிறிய ரெய்ஸ் தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று. 2003ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு கட்டணம் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் வென்று, அதன் வழியாக லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் பிரதானப் போட்டியில் இடம்பெற்று, 839 பேரில் முதல்வராக வந்து 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அதே போட்டியில் 2006இல் கலந்துகொண்டவர்களின் தொகை 8,773. அந்த அலையில் இணைய மேஜைகளுக்கு வந்து குவிந்தவர்கள், பிக் பிளைண்டைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ வைப்பதையே சாதாரண ரெய்ஸாகக் கொண்டிருந்தனர். ஒரே சமயத்தில் பல மேஜைகளில் ஆடி, ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவையும் சேமித்து ஆராய்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள், மூன்று மடங்கு செய்கிற காரியத்தை இரண்டு அல்லது இரண்டேகால் மடங்கே பெரும்பாலும் செய்துவிடுகிறது என்பதைப் படிப்படியாகக் கண்டுகொண்டார்கள். பிற்காலத்தில் வந்த கணித மென்பொருள்களும் அந்த அனுபவ அறிவுக்கே சாட்சி கூறின. இந்தியாவில் 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்திருப்பதால், இங்குள்ள வாசகர்கள் இவ்வத்தியாயத்தின் கணக்குகளைப் பணமில்லாத பயிற்சி மேஜைகளில் மட்டுமே பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரெய்ஸ் செய்பவரின் கணக்கை முதலில் அறிந்துகொண்டால் நம்முடைய கணக்கு தானே விளங்கும். 9 பேர் அமர்ந்த ஒரு மேஜையில் ஸ்மால் பிளைண்ட் 100, பிக் பிளைண்ட் 200, ஒவ்வொருவரும் செலுத்தும் ஆன்ட்டி 25 என்று வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்தின் உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் இந்த மேஜையே ஆதாரம். சீட்டுகள் பகிரப்பட்ட மாத்திரத்திலேயே, பாட் எனப்படும் நடுத்தொகை 525 ஆகிவிடுகிறது. பட்டனில் இருப்பவர் 600 வைத்து அதைக் கவர முயன்றால், எதிரிலுள்ள இருவரும் சேர்ந்து நூற்றுக்கு 53 தடவைக்கு மேல் சீட்டைக் கவிழ்த்தால்தான் தம் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பாராமலே அவர் ஆதாயம் பெற முடியும். 400 மட்டும் வைத்தாலோ, நூற்றுக்கு 43 தடவையைச் சற்றுத் தாண்டினாலே போதும். அதாவது, பணயத்தைக் குறைத்துக்கொள்வதன் மூலம், அடிக்கடி தோற்றாலும் பாதகமில்லாத ஒரு நிலையை அவர் தமக்கு அமைத்துக்கொள்கிறார். யாரேனும் ஆல்-இன் என்று பாய்ந்தாலும் இழப்பது இரண்டு பிளைண்டுகளே. எனவே, இரண்டு மடங்கு ரெய்ஸைக் கண்டவுடன், அது பலவீனத்தின் அறிகுறி என்றோ, நம்மை அலட்சியம் செய்யும் செயல் என்றோ கோபம் கொள்வதற்கு இடமே இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர் தம்முடைய மிகச் சிறந்த சீட்டுக்கும் மிகச் சாதாரணமான சீட்டுக்கும் அதே தொகையையே வைப்பார். தொகையிலிருந்து எதையும் ஊகிக்க முடியாதபடி செய்வதே அவருடைய நோக்கம்.

புதியவர்கள் விஷயம் வேறு. இணைய மேஜையில் ரெய்ஸ் பொத்தானை அப்படியே அழுத்தினால் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையே வைக்கப்படும். அதை மாற்ற வேண்டும் என்ற யோசனையே இல்லாமல் ஆடுகிறவர்கள் குறைந்த கட்டணப் போட்டிகளில் ஏராளம். ஆனால் வழக்கமாக மூன்று மடங்கு வைத்து வந்த ஒரு புதியவர் திடீரென்று முன்வரிசை இருக்கையிலிருந்து இரண்டு மடங்கு வைத்தால், ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ கையில் வைத்துக்கொண்டு யாரும் ஓடிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறார் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் எப்போதும் ஒரே தொகை வைக்கிறாரா, சீட்டுக்குத் தக்கபடி மாற்றுகிறாரா என்பதை மேஜையில் அமர்ந்த முதல் சில சுற்றுகளிலேயே கவனித்துக் குறித்துக்கொள்வது, பின்னால் வரப்போகும் எல்லாக் கணக்குகளையும் விட அதிகப் பிரயோஜனம் தரக்கூடும்.

இனி, இவ்வத்தியாயத்தின் உயிர்நாடியான பிக் பிளைண்ட் ஸ்தானத்துக்கு வருவோம். பட்டனிலிருந்து 400 வந்திருக்கிறது. ஸ்மால் பிளைண்ட் விலகிவிட்டார். நடுவில் இருப்பது 925. நாம் இன்னும் சேர்க்க வேண்டியது 200. சேர்த்த பிறகு நடுத்தொகை 1,125 ஆகும். 200ஐ 1,125ஆல் வகுத்தால் வருவது நூற்றுக்கு 18க்கும் சற்றுக் குறைவு. இதே சந்தர்ப்பத்தில் நூறு தடவை கால் செய்தால் நமக்கு ஆகும் செலவு 20,000. அவற்றில் 18 தடவை மட்டும் 1,125 நம் பக்கம் வந்தால் வரவு 20,250. நூற்றில் 82 தடவை தோற்றும் நஷ்டமில்லை என்பது, ஒவ்வொரு தோல்வியையும் தனித்தனியே மனத்தில் எண்ணி வருந்துகிற மனிதனுக்கு எளிதில் நம்ப முடியாத விஷயம். ஆனால் இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்த்தவர், பிக் பிளைண்டில் இருந்துகொண்டு, சுமாரான சீட்டு என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கவிழ்க்க மாட்டார். ரெய்ஸ் 600 ஆக இருந்தால் 400 சேர்த்து 1,525க்குப் போட்டியிட வேண்டும். அப்போது தேவை நூற்றுக்கு 26. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மூன்று மடங்கு ரெய்ஸுக்குக் கற்றுக்கொண்ட பழக்கத்தை இரண்டு மடங்கு ரெய்ஸுக்கும் அப்படியே பிரயோகிப்பதுதான், நல்ல சீட்டுக்காகப் பொறுமையோடு காத்திருந்தும் கையிருப்பு ஏன் கரைகிறது என்று அறியாமல் தவிக்கும் பல ஆட்டக்காரர்களின் பிரதானக் குறை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். பிளைண்டாக வைத்த 200 நம்முடைய பணம், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கால் செய்கிறார்கள். வைத்த கணத்திலேயே அது நம்முடையதாக இராமல் நடுத்தொகையின் ஒரு பகுதியாகிவிட்டது. நாம் கால் செய்வது அதை மீட்பதற்காக அன்று. எஞ்சிய 200க்குக் கிடைக்கும் விலை மலிவாக இருப்பதற்காகவே. அந்த மலிவு மேஜையில் வேறு எவருக்கும் கிடையாது. பிக் பிளைண்ட் வைத்தவருக்கு மட்டுமே பாதி விலை; அதற்குப் பின் பேசுவதற்கு எவரும் இல்லை என்பதால் மற்றொருவர் மீண்டும் உயர்த்திவிடுவாரோ என்ற பயமும் இல்லை. பணத்துக்கு ஆடும் சாதாரண மேஜைகளில் ஒவ்வொரு நடுத்தொகையிலிருந்தும் நடத்துபவர் தமக்கொரு பங்கு எடுத்துக்கொள்வதால், இந்தச் சிறிய ஆதாயம் அங்கே தேய்ந்துவிடும். போட்டிகளிலோ கட்டணம் ஆரம்பத்திலேயே வசூலிக்கப்பட்டுவிடுவதால், நடுத்தொகை முழுவதும் வென்றவருக்கே சேருகிறது. ஆன்ட்டியும் சேர்ந்துகொள்ளும்போது, போட்டியில் பிக் பிளைண்டைக் காப்பது சாதாரண மேஜையில் காப்பதை விட விரிந்ததாக இருக்க வேண்டியது அவசியமாகிறது.

அப்படியானால் எந்தச் சீட்டையுமே கவிழ்க்க வேண்டாமா என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே; ஏனெனில், ஆட்டத்தில் மிக மட்டமானவற்றுள் ஒன்றாகப் பெயர் பெற்ற, வெவ்வேறு சின்னமுடைய 7-2 கூட, ஏதோ ஒரு சீட்டுக்கு எதிராக ஐந்து பொதுச் சீட்டுகளும் விரியும் வரை இருந்தால் நூற்றுக்கு 35 தடவைக்குக் கிட்ட வெல்லும். தேவை 18 என்றால் 35 தாராளமாகப் போதுமே என்று தோன்றும். ஆனால் ஐந்து சீட்டுகளும் விரியும் வரை நம்மை யாரும் இலவசமாக இருக்க விடுவதில்லை. ஜோடியில்லாத இரண்டு சீட்டுகள் ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது பெறுவது சுமார் மூன்றில் ஒரு தடவை; மற்ற இரண்டு தடவைகளில் எதிரி பந்தயம் வைப்பார், நாம் வெல்லக்கூடிய சீட்டோடும் விலக நேரும். அத்தோடு ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் முதலில் பேச வேண்டியவர் நாம். எதிரி நம்முடைய செய்கையைப் பார்த்த பின் தம்முடையதைத் தீர்மானிப்பார். இந்தப் பாதகங்களால் காகிதத்தில் உள்ள வலிமையின் ஒரு பகுதியையே நாம் கைப்பற்ற முடிகிறது. 7-2, 8-2, 9-2, 8-3 போன்றவை வெவ்வேறு சின்னங்களில் வந்தால் அந்தப் பகுதி மிகச் சொற்பமாகிவிடுவதால் கவிழ்த்துவிடலாம். இரண்டும் ஒரே சின்னமாக இருப்பவையோ, 8-7, 9-7, 6-5 போல ஒன்றையொன்று ஒட்டி நிற்பவையோ, ஃப்ளாப் நேராக உதவாவிட்டாலும் ஃப்ளஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ வழி திறந்து, பந்தயத்தைத் தாங்கி நிற்கும் சக்தி தருவதால், தம் வலிமையில் அதிகப் பங்கைக் கைப்பற்றுகின்றன. பட்டனிலிருந்து வரும் இரண்டு மடங்கு ரெய்ஸுக்கு, பிக் பிளைண்டில் கவிழ்ப்பதை விட நிலைத்து நிற்பதே பெருவழக்காக இருக்க வேண்டும் என்று துணிந்து சொல்லலாம். இன்னொரு பக்கமிருந்து பார்த்தாலும் இதே முடிவுதான்: ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் நூற்றுக்கு 85 தடவை விலகுகிறார் என்றால், பிக் பிளைண்டில் இருப்பவர் 51 தடவைக்கு மேல் விலகும்போதே, பட்டன்காரர் தம் சீட்டைத் திறந்து பார்க்காமலே லாபம் சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறார்.

ரெய்ஸ் எந்த இருக்கையிலிருந்து வந்தது என்பது அடுத்த முக்கியமான விஷயம். கையில் ராஜாவும் 4ம், வெவ்வேறு சின்னம். பட்டனில் இருப்பவர் கண்ட சீட்டுக்கெல்லாம் ரெய்ஸ் செய்யக்கூடியவராதலால், ஃப்ளாப்பில் ஒரு ராஜா விழுந்தால் பெரும்பாலும் நாமே முன்னிலையில் இருப்போம். ஆகவே கால் செய்யலாம். அதே சீட்டு, பிக் பிளைண்டுக்கு அடுத்தபடியாக முதலில் பேசும் இருக்கையிலிருந்து ஒருவர் எட்டுப் பேரைத் தாண்டி ரெய்ஸ் செய்யும்போது நமக்கு வந்தால், அவரிடம் ஏஸ்-ராஜா, ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி போன்றவை இருக்கும் வாய்ப்பு மிகுதி. ராஜா விழுந்தாலும் நம் துணைச் சீட்டின் சிறுமையால் பெரிய தொகையை இழப்போம். வென்றால் சிறிது, தோற்றால் பெரிது என்ற இந்தக் கதிக்கு ஆளாகும் சீட்டுகளை, விலை மலிவானாலும் முன்வரிசை ரெய்ஸுக்கு எதிரே கவிழ்ப்பது விவேகம். ஒரே சின்னமுடைய 7-6 அப்படியன்று. அது வென்றால் எதிரி எதிர்பாராத விதத்தில் வெல்கிறது, தோற்றால் தோற்றுவிட்டோம் என்று நமக்கும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. சிறிய ஜோடிகளும் இவ்வகையே. அவை ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டைப் பெறுவது சுமார் எட்டரையில் ஒரு தடவை. இரு தரப்பிலும் கையிருப்பு ஆழமாக இருந்தால் அந்த ஒரு தடவையின் வரவு மற்றவற்றுக்கு ஈடுகட்டும். ரெய்ஸுக்குப் பின் இருவர் கால் செய்திருந்தால் நாம் 200 சேர்த்து 1,925க்குப் போட்டியிடுகிறோம். விலை இன்னும் மலிவு. ஆனால் நான்கு பேர் காணும் ஃப்ளாப்பில் வெறும் ஒரு ஜோடி நிலைப்பது அரிதாகையால், ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் மூன்று ஒத்த சீட்டும் தரவல்லவற்றை விரிவாகவும், ராணி-5 போல ஒன்றோடொன்று ஒட்டாதவற்றைச் சுருக்கமாகவும் ஏற்பது நல்லது.

பிக் பிளைண்டில் கால் செய்தவருடைய கடமை அத்தோடு முடிவதில்லை. பட்டன்காரர் ஃப்ளாப்பில் நடுத்தொகையான 1,125இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 375, வைப்பது இன்றைய பொது வழக்கம். அதை ஏற்க நமக்குத் தேவையானது நூற்றுக்கு 20 தான். ஃப்ளாப்புக்கு முன் மலிவு என்று உள்ளே வந்தவர், ஃப்ளாப்பில் அதே மலிவான விலைக்கு, ஜோடி விழவில்லை என்ற ஒரே காரணத்தால் வெளியேறுவாராகில், முதலில் செய்த கால் முழுவதும் வீண். கடைசி ஜோடியானாலும், ஸ்ட்ரெய்ட்டின் நடுச்சீட்டுக்கு ஏங்கும் கையானாலும், மேஜையில் விழுந்தவற்றையெல்லாம் விட உயர்ந்த இரண்டு சீட்டுகளோடு ஃப்ளஷுக்கும் தூரத்து வழி உள்ள கையானாலும், அந்த ஒரு சிறிய பந்தயத்துக்காவது நின்று பார்க்க வேண்டும். இதற்கு மனம் ஒப்பாதவர், ஃப்ளாப்புக்கு முன்னரே தம் தேர்வைச் சுருக்கிக்கொள்வது நேர்மையான வழி.

ஸ்மால் பிளைண்டில் விஷயம் எளிது. அங்கே 300 சேர்த்து 1,225க்குப் போட்டியிட வேண்டும். தேவை நூற்றுக்கு 24க்கு மேல். பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் பேசவில்லை. ஃப்ளாப்புக்குப் பின் மேஜையிலேயே மிக மோசமான ஸ்தானம் நம்முடையது. நல்ல சீட்டுகளில் பலவற்றை மறு ரெய்ஸ் செய்து, மட்டமானவற்றைக் கவிழ்த்து, கால் செய்வதை நடுத்தரமான ஒரு சிறு தொகுதிக்கு மட்டும் ஒதுக்குவது சிறந்தது. மற்ற இருக்கைகளில் நமக்குத் தள்ளுபடியே கிடையாது. 400 என்றால் முழு 400ஐயும் புதிதாக வைக்கிறோம். சிறிய ரெய்ஸ்தானே என்று நடு இருக்கைகளிலிருந்து ஏஸ்-8, ராஜா-10 போன்றவற்றோடு உள்ளே போய், பின்னாலிருப்பவர் ஆல்-இன் என்றவுடன் வெளியே வருவது, சிறுகச் சிறுகக் கையிருப்பை அரிக்கும் பழக்கம். பட்டனில் மட்டும், கடைசியில் பேசும் அனுகூலம் இருப்பதால், சற்றுத் தாராளம் காட்டலாம்.

மறு ரெய்ஸின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 400க்கு எதிரே 800 வைப்பது எதிரிக்கு நாமே மலிவு விலை கொடுப்பதாகும். நாம் பின்னால் பேசும் ஸ்தானத்தில் இருந்தால் மூன்று மடங்கு, அதாவது 1,200. பிளைண்ட்களிலிருந்து என்றால் நான்கு மடங்கும் அதற்குச் சற்று மேலும் பொருத்தம். இது கையிருப்பு ஆழமாக உள்ளபோது.

கையிருப்பு 15 பிக் பிளைண்டாக, அதாவது 3,000ஆகக் குறைந்துவிட்டால், பதிலின் தன்மையே மாறுகிறது. பட்டனிலிருந்து 400 வந்திருக்கையில் பிக் பிளைண்டிலிருந்து ஆல்-இன் என்றால், நாம் புதிதாகப் பணயம் வைப்பது 2,800. எதிரி நூற்றுக்கு 60 தடவை விலகுகிறார் என்றும், ஏற்றுக்கொள்ளும் 40 தடவைகளில் நம் சீட்டு 35 சதவிகிதம் வெல்லும் என்றும் கொள்வோம். விலகும்போது வருவது 925. ஏற்கும்போது நடுத்தொகை 6,325, அதில் நம் பங்கு சுமார் 2,214, ஆக நஷ்டம் 586. இரண்டையும் விகிதப்படி கூட்டினால் தடவைக்குச் சராசரி 320 சிப்புகள் ஆதாயம். அது பிக் பிளைண்டைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஏஸ்-5 ஒரே சின்னம், சிறிய ஜோடிகள், ராஜா-ஜாக்கி முதலியன இந்தச் செய்கைக்கு ஏற்றவை. ஆனால் எதிரி விலகாதவர் என்றால், அல்லது முன்வரிசையிலிருந்து ரெய்ஸ் செய்த நிதானமானவர் என்றால், 60 என்ற எண்ணே பொய்த்துப்போகும்; அத்தகையவரிடம் ஆல்-இன் செய்யச் சீட்டுத்தான் வலிமையாக இருக்க வேண்டும். கையிருப்பு குறைந்தவர் கால் செய்யவே கூடாது என்ற பழைய விதியையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. 18 சதவிகித விலை 15 பிளைண்டிலும் 18 சதவிகிதமே.

பரிசு வரிசை நெருங்கும்போது மேற்கண்ட சிப்புக் கணக்கு மாத்திரம் போதாது. இன்னும் ஒருவர் வெளியேறினால் எல்லோருக்கும் பரிசு என்ற கட்டத்தில், இழக்கும் சிப்பின் மதிப்பு பெறும் சிப்பின் மதிப்பை விட அதிகம். பெரிய கையிருப்புடையவர் அப்போது இரண்டு மடங்கு ரெய்ஸாகவே பொழிவார். நம்மை வெளியேற்றக்கூடியவர் அவரே. பிக் பிளைண்டில் மலிவாகக் கால் செய்வது அப்போதும் பல சீட்டுகளுக்குச் சரியே; ஆனால் ஃப்ளாப்புக்குப் பின் சிறிய ஜோடியோடு முழுக் கையிருப்பையும் பணயம் வைக்கும் பாதையில் இறங்கக் கூடாது. எல்லாப் பரிசுகளும் சமமாக உள்ள தகுதிப் போட்டிகளில், நிம்மதியான கையிருப்பு உள்ளவர் மிகச் சிறந்த சீட்டைக்கூடக் கவிழ்க்க வேண்டிய தருணங்கள் உண்டு. எதிரியை வெளியேற்றுபவருக்கு உடனடிப் பரிசு தரும் போட்டிகளில் நிலைமை நேர்மாறு. குறைந்த கையிருப்புடையவரின் ரெய்ஸை, அவர் தலைமேல் உள்ள தொகையையும் விலையில் சேர்த்துக்கொண்டு, அதிக விரிவாக எதிர்க்கலாம்.

பல மேஜைகளில் ஒரே நேரத்தில் ஆடுபவர்கள், தங்கள் முறை வருமுன்னரே ஃபோல்டு என்ற பெட்டியில் குறியிட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள். முன்வரிசை இருக்கைகளில் அதனால் பெரிய பாதகமில்லை என்றாலும், பிக் பிளைண்டில் இருக்கும்போது அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. யார், எந்த இருக்கையிலிருந்து, எவ்வளவு வைத்தார் என்பதை அறியுமுன்னரே நமக்குரிய பாதி விலையைத் துறப்பதாகும் அது. அந்த ஓர் இருக்கைக்காக மேஜைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் தகும்.

கடைசியாக, நாம் 400 வைத்தபின் பின்னாலிருப்பவர் அதைக் குறைந்தபட்ச அளவில் 600 என்று உயர்த்தும் விநோதமான சந்தர்ப்பம். பிளைண்ட்கள் இருவரும் விலகியபின் நடுவில் 1,525. நாம் சேர்க்க வேண்டியது 200. தேவை நூற்றுக்கு 12க்கும் குறைவு. இந்த அளவில் உயர்த்துபவர் பெரும்பாலும் மிக உயர்ந்த ஜோடியை வைத்திருக்கிறார் என்று அஞ்சிப் பலர் கவிழ்த்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஊகம் சரியாகவே இருக்கலாம்; இருந்தாலும் ஒரே சின்னமுடைய 8-7 ஏஸ் ஜோடியை எதிர்த்துக்கூட நூற்றுக்கு 20 தடவைக்கு மேல் வெல்லும். ரெய்ஸ் செய்யத் தகுதியுள்ளது என்று நாம் முதலில் கருதிய ஏறக்குறைய எந்தச் சீட்டையும் வைத்துக்கொண்டு கால் செய்து, இரண்டு ஜோடியோ அதற்கு மேலோ அமைந்தால் முழுத் தொகைக்கும் ஆடி, ஒரு ஜோடி மட்டும் அமைந்தால் சிறு பந்தயம் ஒன்றுக்கு நின்று, பெரிய பந்தயம் வந்தால் கவிழ்த்துவிட வேண்டும்.